உடையாத கண்ணாடி

வித்தகத்தில் புதிதாகச் சேர்ந்திருக்கும் நீங்கள் நான்கைந்து பேர் போன மாதம் என் வீட்டுக்கு வந்திருந்தீர்கள். கிளம்பும்போது உங்களில் ஒருவர், நுண்ணோக்கியில் எந்த லென்ஸை அதிகக் கவனமாகக் கையாள வேண்டும் என்று கேட்டார். "நாற்பது" என்று மட்டும் சொல்லி அனுப்பினேன். உங்கள் பேருந்துக்கு நேரமாகிவிட்டது. விருப்ப ஓய்வில் வந்துவிட்ட எனக்கு இப்போது அந்த அவசரம் இல்லை. மீதிப் பதிலை எழுதிவிடுகிறேன்.

உங்கள் வீட்டார் யாராவது இதைப் படிக்க நேர்ந்தால் அவர்களுக்காகச் சில வரிகள். வித்தகம் என்பது பட்டுப்புழு முட்டைகளைத் தயாரித்து விவசாயிகளுக்குக் கொடுக்கும் இடம். தாய்ப்பூச்சி அட்டையில் முட்டையிட்டு முடித்ததும், அதைச் சின்ன உரலில் போட்டு, கரைசல் விட்டு அரைத்து, ஒரு சொட்டை நுண்ணோக்கியில் பார்ப்போம். தேடுவது பெப்ரின் என்ற ஒரு நோயை. அது தாயிடமிருந்து முட்டைக்குள் போகும். முட்டையிலிருந்து புழுவுக்கும், புழுவிலிருந்து வளர்ப்புத் தட்டுக்கும், தட்டிலிருந்து கொட்டகைக்கும் போகும். ஒரு வீட்டில் நுழைந்தால் ஊரைச் சுற்றிவிட்டுத்தான் வெளியேறும். மருந்து கிடையாது. கண்டுபிடித்தால் அந்தத் தொகுதி முட்டைகளை மொத்தமாக எரிப்பது ஒன்றே வழி.

எண்பதுகளின் நடுவில் பாலக்கோட்டுப் பக்கம் ஒரு வித்தகத்தில் பரிசோதனை அறையின் பொறுப்பில் இருந்தேன். வடக்கு ஜன்னலை ஒட்டி நீளமான மேசை. அதன்மேல் நான்கு நுண்ணோக்கிகள், அவற்றின் முன் நான்கு பெண்கள். அரவைக் காலத்தில் சர்க்கரை ஆலையின் பாகு வாடை ஜன்னல் வழியாக வந்து, கரைசல் நெடியோடு கலந்து நிற்கும். இன்றும் எங்காவது வெல்லம் காய்ச்சும் வாடை வந்தால் என் வலது கை தானாக ஒரு திருகைத் தேடுகிறது.

நுண்ணோக்கியின் கீழ்ப்பக்கம் சுழலும் வட்டில் மூன்று பொருளருகு லென்ஸ்கள் இருக்கும். பத்து, நாற்பது, நூறு என்றுதான் அவற்றை அழைப்போம். பத்து தாராள மனசுக்காரன். எதை வைத்தாலும் எதையாவது காட்டிவிடும். நூறுக்கு எண்ணெய்ச் சொட்டு வேண்டும். அந்த எண்ணெய் லென்ஸையும் கண்ணாடியையும் ஒன்றாக்கிவிடுவதால் அதுவும் கொஞ்சம் விட்டுக்கொடுக்கும். நாற்பது விட்டுக்கொடுக்காது. எங்கள் பிழைப்பு முழுக்க அந்த நாற்பதில்தான் இருந்தது. பெப்ரின் கிருமியின் வித்து அதில் அரிசி மணி போல நீள்வட்டமாகத் தெரியும். எல்லாம் ஒரே அளவு. ஓரத்தில் பச்சை கலந்த வெள்ளி மினுக்கு. நின்ற இடத்திலேயே துடித்துக்கொண்டிருக்கும். கொழுப்புத் துளியும் மினுங்கும், ஆனால் அது உருண்டை. பெரிதும் சிறிதுமாகச் சிதறிக் கிடக்கும். ஒரு மினுக்குக்கும் இன்னொரு மினுக்குக்கும் உள்ள வித்தியாசத்தைப் பார்த்துச் சொல்லத்தான் அரசாங்கம் எங்களுக்குச் சம்பளம் கொடுத்தது.

சொட்டின்மேல் ஒரு சதுரக் கண்ணாடியை மூடுவோம். மூடுகண்ணாடி என்று பயிற்சியில் எழுதிக்கொண்டாலும் வாயில் வந்தது கவர் ஸ்லிப்தான். வெங்காயச் சருகு போல அவ்வளவு மெல்லியது. இன்று நீங்கள் ஒருமுறை பார்த்துவிட்டுப் போட்டுவிடுகிறீர்கள். அன்று கழுவித் துடைத்து மறுபடி மறுபடி பயன்படுத்துவது வழக்கம். கழுவும் கிண்ணத்தில் விரல் அழுந்தினாலே உடையும். உடைந்தால் நான் எழுத்தில் விளக்கம் கொடுக்க வேண்டும். அந்தப் பெண்களின் விரல்களில் பிளாஸ்திரி இல்லாத நாளே குறைவு.

ஒரு மழைக்காலத்தில் வழக்கமான சரக்கு வரவில்லை. வேறு ஒரு கடையிலிருந்து புதிய கவர் ஸ்லிப் பெட்டிகள் வாங்கி அனுப்பினார்கள். பிரித்தவுடன் அறையே கலகலத்தது.

"அக்கா, இங்க பாருங்க!" என்று ராணி ஒன்றைத் தரையில் போட்டாள். உடையவில்லை. எடுத்து மறுபடியும் போட்டாள். "இதுல சில்லு வெளையாடலாம் போல இருக்குதுக்கா."

"உன் வாயாட்டம் இருக்குதுடி. என்னா பண்ணாலும் ஒடைய மாட்டேங்குது" என்றாள் சல்மா.

சல்மாவின் குடும்பம் தருமபுரிக் கடைத்தெருவில் வளையல் கடை வைத்திருந்தது. கண்ணாடியைத் தொட்டு வளர்ந்த விரல்கள் அவளுடையவை. அவள் கையில் மெல்லியது எதுவும் உடைந்ததில்லை. தன் பழைய கவர் ஸ்லிப்புகளை ஓர் ஊறுகாய் பாட்டிலில் சாராயக் கரைசல் ஊற்றிப் போட்டு வைத்திருந்தாள். புதியதை எடுத்துக்கொள்ளச் சொன்னேன்.

"எனக்கு இதுவே பழகிடுச்சுக்கா. அந்த ஓட்டுச் சில்ல அவங்களே வெச்சிக்கட்டும்."

"மகாராணிக்கு மெல்லிசு வளையல்தான் வேணுமாம்" என்றாள் ராணி. சிரித்துவிட்டு வேலையைப் பார்த்தோம். அந்த வாரம் உடைசல் விளக்கம் ஒன்றுகூட எழுதவில்லை. எனக்கும் நிம்மதியாக இருந்தது. பெட்டி பிரித்த மறுநாளே சல்மா தன் அக்கா மகள் கல்யாணத்துக்கு மொரப்பூர் போய்விட்டாள். மற்ற மூவரும் புதிய கண்ணாடியோடு உட்கார்ந்தார்கள். படம் கொஞ்சம் மங்கலாக இருப்பதாகச் சாந்தி சொன்னாள். ஜன்னலைப் பார்த்தோம்; மேகம் கவிந்திருந்தது. "மோடம் போட்டுக்கினு இருக்குதில்ல, அதான்" என்று ராணி, வெளிச்சம் வாங்கும் அடிக்கண்ணாடியைத் திருப்பி வைத்தாள். காரணம் கிடைத்துவிட்டதால் யாரும் மேற்கொண்டு தேடவில்லை. அன்று பார்த்த சிறிய தொகுதி ஒன்று நோயற்றது என்று முடிவாயிற்று.

அந்தத் தொகுதியை முழுவதுமாக எடுத்துக்கொண்டவர் மாதம்மாள். மலையடிவாரத்து ஊர்க்காரர், என் வயதுதான் இருக்கும். கன்னடமும் பேசும் ஊர் என்பதால் முட்டையை மொட்டெ என்றுதான் சொல்வார். முட்டை அட்டைகளை ஈரத்துணியில் சுற்றிக்கொண்டே கேட்டார்.

"ஏங்க மேடம், மொட்டெ நல்லாத்தானுங்க இருக்குது?"

"பாத்தாச்சும்மா. நல்லா இருக்கு."

"நல்லா இருந்தாத்தான் நானு வூட்டுக்குள்ள நிமுந்து நடக்க முடியும். கேவுரு வெளைஞ்ச காட்ட அழிச்சு மல்பெரி வெச்சேன்னு எங்க மாமியா மூஞ்சியத் தூக்கி வெச்சிக்கினு இருக்குது. போன தபா மழை இல்லாம தழை காஞ்சு, கூடு வரல. இந்தத் தபாவும் வரலன்னா செடிய வேரோட புடுங்கிட்டு மறுபடி கேவுரு போட்டுருவாங்களாம். வூட்டுக்காரரும் ஆத்தா பேச்சுக்கு மறுபேச்சு பேச மாட்டாரு."

"செடிய யாரும் புடுங்க மாட்டாங்க, போங்க" என்றேன். அவர் சிரித்துக்கொண்டே பேருந்துக்கு ஓடினார்.

சல்மா திரும்பி வந்த அன்று அடுத்த தொகுதி மேசைக்கு வந்தது. பெரிய தொகுதி. முட்டைகள் நீலம் பாய்ந்துவிட்டன. அடுத்த நாள் காலை பொரிந்துவிடும். மழைக்குத் தழை தழைத்து நின்றதால் விவசாயிகள் வாசலில் குவிந்திருந்தார்கள். அறையில் இருந்தபடியே அவர்கள் பேச்சு எங்களுக்குக் கேட்டது.

"அக்கா, இங்க வாங்க" என்றாள் சல்மா. குரலில் விளையாட்டு இல்லை.

அவள் நாற்காலியில் உட்கார்ந்து பார்த்தேன். நீள்வட்டங்கள், மினுக்கு, துடிப்பு. அதே உரலிலிருந்து இன்னொரு சொட்டு எடுத்து ராணியின் நுண்ணோக்கியில் வைக்கச் சொன்னேன். உறுதி செய்யும் முறை அதுதான். ராணிக்கு ஒன்றும் தெரியவில்லை. சாந்திக்கும் இன்னொரு பெண்ணுக்கும் தெரியவில்லை. நானும் பார்த்தேன். சாம்பல் கலங்கலில் ஏதோ தூசு போல இருந்தது. பெப்ரின் என்று கைநீட்டிச் சொல்ல முடியவில்லை.

பொறுப்பு அலுவலரைக் கூப்பிட்டேன். நல்ல மனிதர்தான். ஆனால் வாசலைக் கடந்து வந்ததில் அவர் சட்டை வியர்த்திருந்தது.

"மூணு பேரு இல்லன்றாங்க, ஒருத்தி இருக்குன்றா. வெளியில சனம் நிக்குது. நாளைக்குப் பொரிஞ்சுட்டா இத்தனையும் வீணு. நான் என்னம்மா பண்ணட்டும்? அந்த மைக்ராஸ்கோப்ல லென்ஸ்ல பூஞ்சை புடிச்சிருக்கும். மழைக்காலம்."

"பூஞ்சை துடிக்குமா சார்?" என்றாள் சல்மா.

அவர் என்னைப் பார்த்தார். நான் கொஞ்சம் நேரம் கேட்டேன். "சீக்கிரம்" என்று சொல்லிவிட்டு அங்கேயே ஒரு முக்காலியில் உட்கார்ந்துகொண்டார்.

நெருக்கடியில் மனம் முதலில் ஆளைத்தான் சந்தேகிக்கும். கல்யாணக் களைப்பில் வந்தவள் என்று எனக்கும் ஒரு நொடி தோன்றியது. ஆனால் என் கண்ணுக்கும் அவள் இடத்தில் தெரிந்ததே. எனவே ஆளை விட்டுவிட்டு லென்ஸுக்குப் போனேன். கண்ணருகு லென்ஸைச் சுழற்றினேன். மணிகள் அதோடு சுழலவில்லை. சிலைடை நகர்த்தினேன், அதோடு நகர்ந்தன. ஆக, அவை சிலைடில்தான் இருக்கின்றன. அடுத்து, சல்மாவின் நாற்பதைக் கழற்றி ராணியின் நுண்ணோக்கியிலும், ராணியுடையதைச் சல்மாவினுடையதிலும் மாட்டினேன். கலங்கல் ராணியின் பக்கமே இருந்தது. மினுக்கு சல்மாவின் பக்கமே இருந்தது. லென்ஸிலும் குற்றம் இல்லை. கடைசியாகச் சல்மாவின் சிலைடை எடுத்து ராணியின் நுண்ணோக்கியில் வைத்தேன்.

"ஐயோ அக்கா, தெரியுது!" என்றாள் ராணி.

வித்தியாசம் சிலைடோடு கூடவே வந்தது. ஒரே உரல், ஒரே கூழ். அப்படியானால் சிலைடில் வேறு என்ன மாறியிருக்கிறது?

கையில் கழற்றி வைத்திருந்த நாற்பதை அப்போதுதான் வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தேன். அதன் உடம்பில் 160 என்றும், ஒரு கோடு தள்ளி 0.17 என்றும் பொறித்திருக்கும். தினமும் துடைக்கும் எழுத்துதான். தயாரிப்பாளரின் வரிசை எண் போல அதைப் பாவித்துப் பழகியிருந்தோம். எனக்குப் பயிற்சி கொடுத்தவர்களில் ஒருவர் ஒருநாள் போகிறபோக்கில் சொன்னது நினைவுக்கு வந்தது. "லென்ஸ் மேல எழுதியிருக்கறது அதோட பேரு இல்ல, அது நம்மகிட்ட போடற நிபந்தனை." 160 என்பது குழலின் நீளம். 0.17 என்பது சொட்டை மூடும் கண்ணாடி எத்தனை மில்லிமீட்டர் தடிமன் இருக்க வேண்டும் என்பது. அந்தத் தடிமனை மனதில் வைத்துத்தான் நாற்பதைக் கடைந்திருக்கிறார்கள். கண்ணாடி தடித்தால் ஒளி வேறு விதமாக வளைந்து ஓரங்கள் கரைந்துவிடும். பத்தில் அது தெரியாது. நாற்பதில் மினுக்கு போய்விடும்.

"சல்மா, உன் பாட்டிலக் கொண்டா."

ஒரே சிலைடில் ஒரே கூழின் இரண்டு சொட்டுகளை அருகருகே வைத்தேன். ஒன்றின்மேல் அவளுடைய மெல்லிய கண்ணாடி. மற்றதன்மேல் எங்கள் உடையாத கண்ணாடி. முதலில் நான் பார்த்தேன். பிறகு அலுவலரைக் கூப்பிட்டேன். அவர் இந்தச் சொட்டைப் பார்த்தார், சிலைடை நகர்த்தி அந்தச் சொட்டைப் பார்த்தார், மறுபடி இதற்கு வந்தார். எழுந்து மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"எரிச்சுடுங்க" என்றார். வாசலில் போய்ச் சொல்லும் வேலையை அவர் என்னிடம் தள்ளவில்லை. தானே போனார். வெளியே எழுந்த கூச்சல் அடங்க வெகுநேரம் ஆயிற்று.

அவர் திரும்பி வந்தபோது நான் இன்னும் மேசையருகே நின்றிருந்தேன். "சார், மாதம்மாள் எடுத்துட்டுப் போன தொகுதியும் இந்தக் கண்ணாடியில பாத்ததுதான்."

"அந்தக் கூழ் இருக்கா?"

"கழுவியாச்சு."

கொஞ்சம் யோசித்தார். "அதுல நோய் இருந்துச்சுன்னு நமக்குத் தெரியாதேம்மா. நல்லாவே இருக்கலாம். போய்ச் சொல்லி எதுக்குக் கலவரப்படுத்தணும்?"

"இல்லன்னும் நமக்குத் தெரியாதுங்க சார். ஆனா இல்லன்னு அவங்ககிட்ட நான் சொல்லிட்டேன்."

அவர் ஜன்னல் பக்கம் பார்த்தார். "பஸ் இருக்கா?" என்றார்.

நுண்ணோக்கியை அதன் மரப்பெட்டியில் வைத்து மடியில் ஏந்திக்கொண்டேன். நாற்பதைத் தனியாகக் கழற்றி அதன் குப்பியில் போட்டுக் கைப்பைக்குள் வைத்தேன். சல்மா ஊறுகாய் பாட்டிலை இரண்டு கையாலும் பிடித்திருந்தாள். காலித் தக்காளிக் கூடைகள் நிரம்பிய பேருந்து அது. ஒவ்வொரு பள்ளத்திலும் கூடைகள் எங்கள்மேல் சாய்ந்தன. "ஊறுகாய ஊட்டி வளக்கறியா கண்ணு?" என்று ஒரு கூடைக்காரர் சல்மாவைக் கேட்டார். வழக்கமாக ஒன்றுக்கு நான்காகத் திருப்பிக் கொடுப்பவள் அன்று பாட்டில் மூடியை இன்னும் இறுக்கினாள்.

மாதம்மாள் வீட்டில் முட்டை பொரிந்து ஒரு நாள் ஆகியிருந்தது. பொடியாக நறுக்கிய தளிர்த் தழைமேல் எறும்பு போலக் கறுத்த குட்டிப் புழுக்கள் ஊர்ந்துகொண்டிருந்தன. எங்களைப் பார்த்ததும் அவர் முகம் மலர்ந்தது. நான் சொல்லச் சொல்ல அது சுருங்கியது. அவருடைய மாமியார் கொடியில் துணி உலர்த்தியபடியே எல்லாவற்றையும் கேட்டார்.

"மொட்டெயக் குடுக்கச்சே பாக்கல, இப்ப எக்ஸ்ரே எடுக்க வந்துக்கிறாங்க" என்றார் துணியிடம்.

அறையில் வெளிச்சம் போதவில்லை. முற்றத்து ஆட்டுக்கல்மேல் நுண்ணோக்கியை வைத்தேன். நேர் வெயிலை அடிக்கண்ணாடியில் வாங்கக் கூடாது, கண் போய்விடும். எதிர்ச்சுவரின் சுண்ணாம்பு வெளிச்சத்தை வாங்கினேன். ஒரு சிட்டிகைப் புழுவை அரைத்துச் சொட்டு வைத்து, சல்மாவின் கண்ணாடியால் மூடினேன். ஒன்றும் இல்லை. தட்டின் வேறு மூலையிலிருந்து எடுத்த இரண்டாவது சொட்டிலும் இல்லை. எனக்கு மூச்சு வந்தது. "ஒண்ணும் இல்லீங்களே மேடம்?" என்று மாதம்மாள் கேட்டார். அந்த இடத்தில் நிறுத்திவிட எவ்வளவு ஆசையாக இருந்தது என்பதை உங்களுக்குச் சொல்லியாக வேண்டும். சல்மா மூன்றாவது கண்ணாடியைத் துடைத்து நீட்டினாள்.

மூன்றாவதில் இருந்தது.

நான் தலையை நிமிர்த்தியதும் மாதம்மாளுக்குப் புரிந்துவிட்டது. "நானும் பாக்கலாமுங்களா?" என்றார். ஒரு கண்ணை மூடத் தெரியாமல் கையால் பொத்திக்கொண்டு குனிந்தார். வெகுநேரம் பார்த்தார்.

"அரிசியாட்டம் மினுக்குமினுக்குனு... இதுங்களா?"

"இதுதான்."

"அழகாத்தான் இருக்குது, பாழாப்போனது." நிமிர்ந்தார். "அன்னிக்கு ஏங்க தெரியல?"

தடித்த கண்ணாடி ஒன்றையும் கொண்டுபோயிருந்தேன். அதே கூழில் ஒரு சொட்டு வைத்து அதை மூடிக் காட்டினேன். "அன்னிக்கு இது வழியாப் பாத்தோம்மா. இது தடிமன். எங்களுக்கும் தெரியாமப் போச்சு."

அவர் பார்த்துவிட்டு விலகி நின்றார். அழவில்லை, கத்தவில்லை. கத்தியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். முற்றத்துக்கு அப்பால் மல்பெரி இடுப்பளவு உயரத்துக்குப் பச்சைப் பசேலென்று நின்றது.

கொடியருகே இருந்து மாமியார் வந்தார். அவர் நுண்ணோக்கியில் குனியவில்லை. என்னைப் பார்த்து ஒன்றே ஒன்று கேட்டார். "இது பக்கத்து வூட்டுப் புழுவுக்கும் போவுமா?"

"போகும்மா. காத்து, கை, தட்டு, எது வழியாவும் போகும்."

அடுப்படிக்குள் போய் எரிகிற கொள்ளி ஒன்றோடு வந்தார். "எடுத்துக்கினு வா" என்றார் மருமகளிடம். தட்டு, தழை, அட்டை எல்லாம் காட்டு ஓரத்தில் எரிந்து முடியும்வரை நின்றோம். கொட்டகையைக் கழுவ மருந்து அனுப்புவதாகவும், அடுத்த நல்ல தொகுதியில் முதல் அட்டை அவர்களுக்கே என்றும் சொன்னேன். மாமியார் காட்டைப் பார்த்தபடி நின்றார்.

"தழை முத்தறதுக்குள்ள குடுப்பீங்களா?"

"குடுப்போம்."

"இன்னொரு தபா பாக்கறேன். அதோட சரி."

வித்தகத்துக்குத் திரும்பியதும் உடையாத பெட்டிகளை மூட்டை கட்டி அறைக்கு வெளியே வைத்தேன். மெல்லிய கண்ணாடி வரும்வரை சல்மாவின் பாட்டிலை நான்கு பேரும் பங்கிட்டுக்கொண்டோம். ராணி உடைத்தாள், சாந்தி உடைத்தாள், நான் விளக்கம் எழுதினேன். எழுதும்போது முன்புபோல எரிச்சல் வரவில்லை.

இதிலிருந்து உங்களுக்கு நான் சொல்லக்கூடியது கொஞ்சம்தான். லென்ஸின் உடம்பில் எழுதியிருப்பதைப் படியுங்கள். உங்கள் வேலை திடீரென்று சுலபமாகிவிட்டால், எது மாறியது என்று பாருங்கள். எங்களை யாரும் ஏமாற்றவில்லை, யாரும் சோம்பேறியாகவும் இல்லை. எது உடையவில்லையோ அதுவே நல்லது என்று நம்பினோம். மங்கலாகத் தெரிந்தபோது மேகத்தைக் கைகாட்டினோம்.

மாதம்மாளின் மல்பெரித் தோட்டம் பிற்காலத்தில் கிணற்று மேடு வரை நீண்டதை நான் பார்த்திருக்கிறேன். ஆனால் என் மனதில் நிற்பது அவர் மறுபடி முட்டை வாங்க வந்த நாள். அட்டையை நீட்டினேன். கை நீட்டி வாங்காமல் நின்றார்.

"எந்தக் கண்ணாடியில பாத்தீங்க மேடம்?"

உள்ளே அழைத்துப் போனேன். சல்மா ஒரு கவர் ஸ்லிப்பை எடுத்து, ஓரத்தைப் பிடிக்கச் சொல்லிக் கையில் கொடுத்தாள். மாதம்மாள் அதை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்தார்.

"இது ஒடையுமுங்களா?"

"கொஞ்சம் அழுத்தினாப் போதும்க்கா, ஒடைஞ்சுரும்" என்றாள் சல்மா.

"அப்ப சரி" என்று மாதம்மாள் அட்டையை வாங்கிக்கொண்டார்.